முதலாளி, முனைவோர், நான்: ஒரு பாடத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

1994. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. வணிக நிர்வாகவியல் இளங்கலை, இறுதியாண்டு. ‘தொழில்முனைவோர் மேம்பாடு’ என்று ஒரு தாள். பாடம் நடத்திய ஆசிரியர் ஒருநாள் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். நடுவில் ஒரு மரமுளையை வைத்தார். அதிலிருந்து வரிசையாகத் தரையில் சாக்பீஸால் கோடுகள் கிழித்தார். ஆளுக்கு நாலு கயிற்று வளையம். எந்தக் கோட்டில் வேண்டுமானாலும் நின்று எறியலாம். தூரம் கூடக்கூட மதிப்பெண் கூடும். அவ்வளவுதான் விளையாட்டு.

நான் முதல் கோட்டில் நின்றேன். நாலும் முளையில் விழுந்தது. நண்பன் ஒருத்தன், அவங்க அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடை, நடுக்கோட்டில் நின்றான். இரண்டு விழுந்தது. இன்னொருத்தன் கடைசிக் கோட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கிட்டு எறிந்தான். ஒன்றும் விழவில்லை. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு ஆசிரியர் விளக்கினார். நடுக்கோட்டில் நிற்பவன்தான் தொழில்முனைவோன். அவன் அளவான இடரை விரும்புகிறவன், ‘சாதனை உந்துதல்’ உடையவன். கடைசிக் கோட்டுக்காரன் சூதாடி. முதல் கோட்டுக்காரன்? ‘தம்பி, உனக்குத் தோத்துருவோமோன்னு பயம். அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் நீ சம்பளத்துக்குத்தான் போவே’ என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அவர் வாக்கு பலித்தது. நான் சம்பளத்துக்குத்தான் போனேன். இப்போது வேறொரு கல்லூரியில் அதே தாளை நடத்துகிறேன். முளையும் வளையமும் என் அலமாரியில் இருக்கின்றன.

நான் ஏன் முதல் கோட்டில் நின்றேன்? வகுப்பறையில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: என் மனம் அப்படி. என் வீட்டில் வேறொரு பதில் இருந்தது. முதல் பதில் எப்படிப் பாடமானது, இரண்டாவது பதில் எப்படிப் பாடத்திலிருந்து காணாமல் போனது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். தொழில்முனைவு என்பது முதலில் ஒருவர் நிற்கும் இடத்தைக் குறித்தது. பிறகு அது ஒருவரின் மனத்தைக் குறிப்பதாக மாற்றப்பட்டது. இந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு பாடப்புத்தகத்தில் இல்லை.

2

என் அப்பா பூட்டு செய்கிறவர். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உலையும் பட்டடையும் அரமும் வைத்துக்கொண்டு கையால் செய்கிற வேலை. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாமல் இருப்பதில்தான் வேலைக்காரனின் பெயர் நிற்கிறது. உள்ளே இருக்கும் லீவரின் வெட்டை அப்பா பூட்டுக்குப் பூட்டு மாற்றுவார். கோயில் கதவுக்கு ஒரு மாதிரி, கிட்டங்கிக்கு ஒரு மாதிரி. ‘புத்தாக்கம்’ என்று ஒரு சொல் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், தான் தினமும் செய்வதற்கா இவ்வளவு பெரிய பெயர் என்று கேட்டிருப்பார்.

இரும்புத் தகடு வியாபாரி கொடுப்பார். கூடவே முன்பணமும் கொடுப்பார். பூட்டை எடுத்துக்கொண்டு தகட்டுக்கும் முன்பணத்துக்கும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். மீதி பல வாரங்களில் இருக்காது. கணக்கு மட்டும் அடுத்த வாரத்துக்குப் போகும். வெளியூர்க் கடைகளுக்கு நேராகக் கொண்டுபோய்ப் போட்டால் என்ன என்று ஒருதரம் கேட்டேன். ‘போடலாம்டா. பணம் வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகும். அந்த ரெண்டு மாசம் இவரு இரும்பு குடுக்கலைன்னா அடுப்பு எரியாது’ என்றார். அப்பாவின் நெஞ்சில் சாதனை உந்துதல் எத்தனை கிராம் இருந்தது என்று நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் ஒன்றும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். முதல் கோட்டில் நின்றவன் அந்த வீட்டிலிருந்து வந்தவன்.

இங்கே தமிழில் உள்ள இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் தொழில் நடத்துகிறவரை ‘முதலாளி’ என்றார்கள். முதலை ஆள்கிறவர். அந்தச் சொல்லில் பணம் வெளிப்படையாக இருக்கிறது. அவருக்கு முதல் இருக்கிறது, அதனால் அவர் முதலாளி. ஒளிவுமறைவு இல்லை. பாடப்புத்தகமும் அரசு அறிக்கைகளும் கொண்டுவந்த சொல் ‘தொழில்முனைவோர்’. முனைதல் என்றால் ஊக்கத்தோடு முயலுதல். இந்தச் சொல்லில் முதல் இல்லை, முனைப்புதான் இருக்கிறது. ‘முதலாளி’ என்று சொன்னால், முதல் எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்வி தானாக வரும். ‘முனைவோர்’ என்று சொன்னால் வருகிற கேள்வி வேறு: நீ ஏன் முனையவில்லை? மொழிபெயர்த்தவர்கள் யாரும் சதி செய்யவில்லை. அவர்கள் கைக்கு வந்தபோதே அந்தக் கருத்து மனத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

3

அது எப்போது சாய்ந்தது? இந்தச் சொல்லைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் ரிச்சர்ட் காண்டிலோனிடம் அந்தச் சாய்வு இல்லை. அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் வங்கி நடத்தியவர். ஜான் லாவின் மிசிசிப்பி ஊக வணிகத்தில் பெரும்பணம் பார்த்தவர். 1734இல் லண்டனில் வீடு தீப்பற்றியபோது இறந்தார். அவருடைய நூல் 1755இல்தான் அச்சேறியது. அதில் அவர் செய்கிற பாகுபாடு எளிமையானது. அரசரையும் நிலவுடைமையாளர்களையும் விட்டுவிட்டால் மிச்சமுள்ளவர்கள் இரண்டே வகை. ஒன்று, நிச்சயமான கூலி வாங்குகிறவர்கள். இரண்டு, நிச்சயமான விலைக்கு வாங்கி நிச்சயமில்லாத விலைக்கு விற்கிறவர்கள். இரண்டாம் வகைதான் முனைவோர்.

இந்தப் பாகுபாட்டை அவர் கடைசிவரை கொண்டுபோகிறார். சம்பளம் வாங்கும் படைத்தளபதியும் மானியம் வாங்கும் அரசவைப் பிரபுவும் வீட்டு வேலைக்காரரோடு ஒரே பட்டியலில் கூலிக்காரர்களாக வருகிறார்கள். தண்ணீர் சுமந்து விற்கிறவரும், பிச்சைக்காரரும், ஏன், திருடரும்கூட முனைவோர் பட்டியலில் வருகிறார்கள். நாளைக்கு என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதுதான் அளவுகோல். வீரமோ உந்துதலோ தொலைநோக்கோ இங்கே பேச்சில்லை. முனைவோர் என்பது ஒரு குணம் அல்ல, ஒரு நிலை. இந்தக் கணக்குப்படி என் அப்பா முனைவோர். காலையில் கடனுக்குப் பூ வாங்கி வாடுவதற்குள் விற்றாக வேண்டிய பூக்காரம்மா முனைவோர். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்களைப் பற்றிப் பாடம் நடத்தும் நான் கூலிக்காரன். எனக்கென்னவோ இந்தப் பட்டியல் மிகவும் நேர்மையானதாகப் படுகிறது.

ஜோசப் ஷும்பீட்டர் இதைத் தலைகீழாக்கினார். 1911இல் ஜெர்மனில் வந்த அவருடைய பொருளாதார வளர்ச்சிக் கோட்பாடு நூல் 1934இல் ஆங்கிலத்தில் வந்தது. முனைவோர் என்பவர் புதிய சேர்க்கைகளைச் செய்கிறவர்: புதுப்பொருள், புது உற்பத்திமுறை, புதுச்சந்தை, மூலப்பொருளுக்குப் புது ஊற்று, தொழிலில் புது அமைப்புமுறை. பழைய வழியிலேயே கடை நடத்துகிறவர் எவ்வளவு இடரைச் சுமந்தாலும் முனைவோர் ஆகமாட்டார். பூக்காரம்மா பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு நாயகன் ஒருவன் வந்தான், வெற்றி வேட்கையும் படைக்கும் இன்பமும் உள்ளவன். மனம் பாடத்துக்குள் நுழைந்த வாசல் இது.

ஆனால் ஷும்பீட்டருக்கு அநியாயம் செய்யக்கூடாது. நாயகனின் பக்கத்தில் அவர் இன்னொரு ஆளையும் நிறுத்தினார்: வங்கியாளர். புதிய சேர்க்கைக்கு வேண்டிய பொருளையும் உழைப்பையும் பழைய வழிகளிலிருந்து பிடுங்கிக் கொண்டுவரக் கடன் வேண்டும். அந்தக் கடனை உருவாக்குகிறவர் வங்கியாளர். தோற்றால் நட்டம் கடன் கொடுத்தவருக்கு. முனைவோர் முனைவோர் என்ற முறையில் இடரைச் சுமப்பதில்லை என்றே அவர் வாதிட்டார். இது ஏட்டில் படித்துச் சொன்னது மட்டுமல்ல. 1919இல் ஆஸ்திரியாவின் நிதியமைச்சராகச் சில மாதங்கள் இருந்தவர், பிறகு வியன்னாவில் ஒரு வங்கியின் தலைவரானார். 1924இல் பதவியும் போய், கையிலிருந்த பணமும் போய், கடனாளியானார்.

நான் படித்த பாடநூலில் ஷும்பீட்டருக்கு ஒரு பக்கம் இருந்தது. ஐந்து புதிய சேர்க்கைகளும் வரிசையாக இருந்தன, ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஏற்றபடி. வங்கியாளரைக் காணோம். ஒரு கோட்பாட்டின் இரண்டு கால்களில் ஒன்றை வெட்டிவிட்டு, மற்ற காலால் நட என்று சொல்வது போன்ற காரியம் இது.

4

பாடத்தின் நிறுவன வரலாறு இன்னும் சுவையானது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்ற ஆசிரியர் 1947 பிப்ரவரியில் ‘புதிய தொழில்களை நிர்வகித்தல்’ என்ற பாடத்தைத் தொடங்கினார். 188 மாணவர்கள் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பியிருந்த படைவீரர்கள் அவர்களில் மிகுதி. அவர்கள் பின்னால் 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் நின்றது. படிப்புக்கு அரசு பணம் கொடுத்தது. வீட்டுக்கும் பண்ணைக்கும் தொழிலுக்கும் வாங்கும் கடனில் ஒரு பகுதிக்கு அரசே ஜாமீன் நின்றது. அதாவது இந்தப் பாடம் பிறந்தபோது பக்கத்திலேயே கடனுக்கான ஜாமீனும் இருந்தது. பீட்டர் டிரக்கர் 1953இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பாப்சன் கல்லூரி 1968இல் இதை இளங்கலையின் முதன்மைப் பாடமாக்கியது. புத்தாக்கம், தொழில்முனைவு என்ற இரண்டு சொற்களும் இணைபிரியாத சோடியாக ஊரெங்கும் பரவியதில் 1985இல் வந்த டிரக்கரின் நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. இது பிறவிக்குணம் அல்ல, பழகிக் கற்கக்கூடிய ஒழுங்கு என்று டிரக்கர் சொன்னார். நல்ல சேதிதான். ஆனால் கற்க வேண்டியவனும் தவறினால் பொறுப்பேற்க வேண்டியவனும் அங்கேயும் தனியாள்தான்.

என் வகுப்பறைக்கு வந்த முளையும் வளையமும் டிரக்கரிடமிருந்து வந்தவை அல்ல. அவை ஹார்வர்டின் உளவியலாளர் டேவிட் மெக்லேலண்டிடமிருந்து வந்தவை. 1961இல் அவருடைய ‘சாதிக்கும் சமூகம்’ நூல் வந்தது. பல நாடுகளின் பள்ளிக்குழந்தைகள் படிக்கும் கதைகளை எடுத்து, அவற்றில் சாதனை நாட்டம் எவ்வளவு என்று எண்ணி, அதை அந்நாடுகளின் பொருளாதார வளர்ச்சியோடு, குறிப்பாக மின்சார உற்பத்தியோடு, பொருத்திப் பார்த்தார். ஒரு நாடு ஏழையாக இருப்பதன் காரணத்தை அந்நாட்டுக் குழந்தைகளின் கதையில் தேடுகிற காரியம். காலனியத்துக்கு இந்தக் கணக்கில் இடம் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து அவர் வந்த இடம் ஆந்திராவின் காக்கிநாடா. 1964-65. அந்த ஊர் வணிகர்களும் சிறுதொழில் நடத்துகிறவர்களும் ஹைதராபாத்தில் உள்ள சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்குக் கூட்டிவரப்பட்டார்கள். பத்து நாள் அளவிலான பயிற்சி. படத்தைப் பார்த்துக் கதை எழுதுவது, வளையம் எறிவது, இலக்கு வகுப்பது. பயிற்சி பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டு, டேவிட் வின்டரோடு சேர்ந்து 1969இல் நூலாக வெளியிட்டார். பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாக முயன்றார்கள், புதுத்தொழில் தொடங்கினார்கள், கூடுதல் ஆட்களுக்கு வேலை கொடுத்தார்கள் என்பது முடிவு. பங்கேற்றவரின் சாதியோ மரபான நம்பிக்கைகளோ இதைத் தீர்மானிக்கவில்லை என்பது இன்னொரு முடிவு.

இந்த இரண்டாவது முடிவை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். இந்து சமயமும் சாதியமைப்பும் முதலாளியத்தை முளைக்கவிடாது என்ற மாக்ஸ் வெபரின் வாதம் அப்போது பெரும் செல்வாக்கோடு இருந்தது. இந்த நாட்டு மனிதன் கர்மவினையை நம்பிக் கிடப்பவன், அவனால் ஆகாது என்ற பேச்சுக்கு எதிராக, பத்து நாளில் யாரும் கற்கலாம் என்று சொன்னது ஒரு ஜனநாயகப் பேச்சுதான். பிறப்பால் வணிகர் அல்லாதவர்களுக்கு அது ஒரு கதவைத் திறந்தது. என்னைப் போன்றவன் அந்தத் தாளை எழுத முடிந்ததே அதனால்தான்.

ஆனால் அதே நூலில் ஒதுக்கமாகக் கிடக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. பயிற்சியின் பலன் தெளிவாகத் தெரிந்தது யாரிடம்? ஏற்கெனவே தங்கள் தொழிலைத் தாங்களே தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவர்களிடம். அப்பாவின், அண்ணனின், பங்காளியின் கைக்குக் கீழே இருந்தவர்கள் மனம் மாறினாலும் அதைக் காட்ட வழியில்லை. காண்டிலோனின் ‘இடம்’ பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

குஜராத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பயிற்சி ஒழுங்கான திட்டமாக 1970இல் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். அகமதாபாத்தில் 1983இல் இதற்கெனத் தேசிய அளவில் ஒரு நிறுவனமே வந்தது. பலரும் சொல்லாமல் விடுவது இதை: அந்த மாநிலத்தின் தொழில் முதலீட்டுக் கழகம், தொழில்நுட்பம் தெரிந்த ஆட்களுக்குச் சொத்து ஜாமீன் கேட்காமல் முழுத்தொகையும் கடனாகத் தரும் திட்டத்தை முதலில் கொண்டுவந்தது. பணம் முதலில் வந்தது. வாங்கியவர்களைத் தயார்செய்யப் பயிற்சி பின்னால் வந்தது. அந்தப் பயிற்சி அங்கிருந்து கிளம்பி, கையேடாகி, பல்கலைக்கழகப் பாடத்திட்டமாகி, என் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது வளையம் வந்தது, முளை வந்தது. பணம் அகமதாபாத்திலேயே நின்றுவிட்டது.

மனிதன் தனக்குத்தானே ஒரு தொழில், தன்னையே முதலாக வைத்து நடத்திக்கொள்ள வேண்டியவன் என்றாகிவிட்ட தன்னிலையைப் பற்றி ஃபூக்கோ 1979இல் பாரிஸ் சொற்பொழிவுகளில் பேசினார். அதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சாக்பீஸ் கோடு. முதல் இல்லாதவனிடம், நீயே உன் முதல் என்று சொல்வது எவ்வளவு சௌகரியமான சொல்லாடல்! தோற்றால் வங்கியைக் கேட்கவேண்டியதில்லை, சந்தையைக் கேட்கவேண்டியதில்லை. அவனையே அவன் கேட்டுக்கொள்வான்.

5

அப்படியானால் இந்தப் பாடம் வருவதற்கு முன்னால் இங்கே யாரும் தொழில் கற்கவில்லையா? கற்றார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடையில் சிறுவன் ‘பெட்டியடிப் பையனாக’ச் சேருவான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதவும் ஆளை எடைபோடவும் கற்று, அடுத்தாளாகி, மேலாளாகி, ஒருநாள் தானே கடை வைப்பான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன கல்லூரி அது. அதன் நுழைவுத்தேர்வு பிறப்பு.

சிவகாசிக் கதையைப் பாடப்புத்தகங்கள் விரும்பிச் சொல்லும். அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று, திரும்பிவந்து 1923இல் தொழில் தொடங்கினார்கள். மழையில்லாத கந்தக பூமி, இரண்டு பேரின் துணிச்சல், ஒரு நகரமே எழுந்தது. உண்மைதான். ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு சமூகத்தின் நூறாண்டு ஏற்பாடு இருந்தது. உறவின்முறைகள் விற்பனையில் சிறுபங்கை ‘மகமை’யாகப் பிரித்துப் பொதுநிதி சேர்த்தன. அந்த நிதியில் பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிகளும் வந்தன. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை 1889இல் வந்தது. தூத்துக்குடியில் நாடார் வங்கி 1921இல் வந்தது, பிறகு 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. ஒடுக்கப்பட்டுக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம், பிறர் கடன் தரமாட்டார்கள் என்று தெரிந்து தனக்கான கடனைத் தானே உருவாக்கிக்கொண்டது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் பெரிய புத்தாக்கம் தீப்பெட்டி அல்ல, மகமைதான். பாடத்தில் மகமை இல்லை. துணிச்சல் இருக்கிறது.

இன்னொரு நூலைச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பெர்னா என்பவர் 1960இல் சென்னை மாநிலத் தொழில்முனைவோர் பற்றி வெளியிட்ட ஆய்வு. 52 தொழிற்கூடங்களை, பெரும்பாலும் பொறியியல் சார்ந்தவற்றை, ஆராய்ந்து எழுதினார். இவர்கள் பல சாதிகளிலிருந்தும் பல தொழில்களிலிருந்தும் வந்திருக்கிறார்கள், சமூக மரபைவிட முதலும் தொழில் அனுபவமும் கிடைத்ததா என்பதே முக்கியம் என்றார். காக்கிநாடாவுக்கு நாலைந்து வருடம் முன்னால் வந்த நூல் இது. சாதி தடையல்ல என்று இரண்டுமே சொல்கின்றன. ஆனால் ஒன்று, ‘ஆகவே மனத்தைப் பயிற்று’ என்கிறது. மற்றது, ‘ஆகவே முதலைக் கொடு’ என்கிறது. நம் பாடத்திட்டம் எதை எடுத்துக்கொண்டது என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பெர்னாவோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. முதல் கிடைப்பதே சாதியின் வழியாக நடக்கிறபோது, சாதி முக்கியமில்லை, முதல்தான் முக்கியம் என்று எப்படிப் பிரிப்பது? ஜாமீன் கையெழுத்துப் போடும் மாமா, தவணை பொறுக்கும் மொத்த வியாபாரி, கைமாற்று தரும் பங்காளி, இவர்களெல்லாம் யார்? எங்களுக்கும் உறவினர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் அதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள்.

6

1993இல் பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டம் வந்தது. படித்த வேலையற்ற இளைஞருக்கு 1 லட்சம் ரூபாய் வரை கடன், ஜாமீன் வேண்டாம். 1996இல் நான் விண்ணப்பித்தேன். சின்னதாக ஒரு பிரஸ் வைத்துத் தகடு வெட்டினால் அப்பாவின் வேலை பாதியாகும், வியாபாரியின் தகட்டை நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கணக்கு. மாவட்டத் தொழில் மையத்து நேர்காணலில் தேர்வானேன். ஷும்பீட்டரின் ஐந்து சேர்க்கைகளையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு வங்கிக்குக் காகிதம் போனது. மேலாளர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லிப் பேசினார். ‘ரூல்ல ஜாமீன் வேண்டாம்னுதான் இருக்கு. ஆனா நாளைக்கு வசூலாகலைன்னா என்னைத்தானப்பா கேப்பாங்க. கவர்ன்மென்ட் உத்தியோகத்துல இருக்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா.’ அப்படி யாரும் இல்லை. நாலுமுறை போனேன். ஐந்தாம் முறை போகவில்லை.

இதில் நான் கவனிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த மேலாளர் நின்றதும் முதல் கோட்டில்தான். சம்பளக்காரர், தன் வளையம் கீழே விழக்கூடாது என்று பார்த்தார். அவரை யாரும் சாதனை உந்துதல் பயிற்சிக்கு அனுப்பவில்லை. நடுக்கோட்டில் நின்ற ஜவுளிக்கடை நண்பனுக்கு அவங்க அப்பா இன்னொரு கடை போட்டுக் கொடுத்தார். முதல் வருஷம் நட்டம், இரண்டாம் வருஷம் நட்டம், மூன்றாம் வருஷத்தில் பிடித்துக்கொண்டான். கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. மூன்று வருஷம் கெட்டிக்காரனாக இருக்க அவனுக்கு அவகாசம் கிடைத்தது.

அப்பாவின் பட்டறை 2000க்குப் பிறகு ஓடவில்லை. அலிகாரிலிருந்து எந்திரப் பூட்டுகள் மலிவாக வந்தன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளை அவரிடம் காட்டினேன். ‘பேரு குடுத்துட்டாங்களா, நல்லது. இரும்பு குடுக்கறாங்களா?’ என்றார்.

இதற்கிடையில் காலம் மாறியிருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். நான் விண்ணப்பித்த திட்டம் 2008இல் வேறொன்றோடு இணைக்கப்பட்டது. தமிழக அரசு 2012இல் படித்த முதல் தலைமுறையினருக்கு மூலதன மானியத்தோடு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2016இல் மத்திய அரசு, ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரவேண்டும் என்று சொன்னது. 2023இல் அம்பேத்கர் பெயரில் பட்டியலின, பழங்குடியினருக்கு 35 சதவீத மானியத்தோடு மாநிலத் திட்டம் ஒன்று வந்தது. இவை, யாருக்குக் கடன் மறுக்கப்பட்டது என்பதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட திட்டங்கள். வரலாறு இந்த அளவுக்காவது நகர்ந்திருக்கிறது. ஆனால் என் பாடத்திட்டம் நகரவில்லை. இவற்றையெல்லாம் ‘அரசின் ஊக்கத் திட்டங்கள்’ என்று கடைசி அலகில் பட்டியலாகக் கொடுக்கிறது. முதல் அலகில் இன்னமும் ‘தொழில்முனைவோரின் குணநலன்கள்’. 2018க்குப் பிறகு கல்லூரிகளில் புத்தாக்கக் குழுக்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் தங்கள் யோசனையை விற்கப் பழகுகிறார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மேடையேறிப் பேச நான் கற்றதும் இந்தத் தாளில்தான்.

நானும் வளையம் எறியச் சொல்கிறேன். ஆனால் இரண்டு தடவை. முதல் தடவை ஆளுக்கு நாலு வளையம். எழுதி வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை ஆளுக்குப் பன்னிரண்டு. முதல் கோட்டில் நின்ற பிள்ளைகள் பலர் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நகர்ந்துவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் அவர்கள் மனம் மாறவில்லை, கையில் இருப்பது மாறியது. இது ஆய்வு அல்ல, விளையாட்டுதான். ஆனாலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறபோது, எனக்கு 1994இல் கிடைக்காத பதில் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்று தோன்றும்.

போன வருஷம் ஒரு பெண் நகரவில்லை. பன்னிரண்டையும் கையில் வைத்துக்கொண்டு முதல் கோட்டிலேயே நின்றாள். அவங்க அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி இட்லிக்கடை போட்டிருக்கிறார். வாரத் தவணை. ஏம்மா, பின்னால போகலையா என்று கேட்டேன்.

‘சார், வளையம் உங்களோடது. முடிஞ்சதும் எண்ணி வாங்கிக்குவீங்கள்ல?’ என்றாள்.

கடனும் முதலும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இந்தக் கட்டுரையில் நானும் இரண்டையும் ஒன்றாகவே பேசிவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த பருவத்தில் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.